மொய் ஃப்ளாப்பியில் இருக்கிறது

போன சனிக்கிழமை திருப்பாதிரிப்புலியூரில் பெரியம்மா கையால் ஒரு காபி குடித்துவிட்டு வரலாம் என்றுதான் போனேன். பெரியப்பா பரணிலிருந்து ஒரு லேப்டாப் பையை இறக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் காலை நெல்லிக்குப்பத்தில் உறவுக்காரர் வீட்டுக் கல்யாணம். 1998இல் அக்கா கல்யாணத்துக்கு அவர்கள் எவ்வளவு மொய் வைத்தார்கள் என்று தெரிய வேண்டும். குறைத்து எழுதினால் அசிங்கம். கூட்டி எழுதினால் பெரியப்பாவுக்கு ஒரு வாரம் தூக்கம் வராது. மொய் நோட்டு 2011 டிசம்பரில் தானே புயல் வந்தபோது நனைந்து கூழாகிவிட்டது. ஆனால் மனுஷன் அந்தக் காலத்திலேயே மொய்யைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, ஃப்ளாப்பி வட்டில் போட்டு, பீரோவில் பூட்டியவர். “அன்னிக்கு எல்லாரும் சிரிச்சீங்களேடா” என்றார்.

லேப்டாப் மூச்சு வாங்கிக்கொண்டு விண்டோஸ் 95ஐத் திறந்தது. உள்ளே இருக்கும் சின்ன பேட்டரி செத்துப்போனதால் அதற்கு இது 1980 ஜனவரி 1. அக்காவுக்கு அப்போது பால்பல்கூட விழவில்லை. ஒல்லி லேப்டாப் என்பதால் ஃப்ளாப்பி டிரைவ் தனிப் பெட்டி; பட்டையான பிளக்கோடு பக்கவாட்டில் மாட்ட வேண்டும்.

போட்டோம். பச்சை விளக்கு எரிந்தது, மோட்டார் முனகியது, “சாதனம் தயாராக இல்லை” என்று ஆங்கிலத்தில் வந்தது. போனை எடுக்காத மகனுக்குத் திரும்பத் திரும்பப் போடுவது மாதிரி பெரியப்பா ரீட்ரையை அமுக்கிக்கொண்டே இருந்தார்.

யூஎஸ்பி டிரைவ் ஆர்டர் போடலாம் என்றேன். “முகூர்த்தம் காலையில ஆறு மணிக்குடா.”

சரி, திறந்தேன். மோட்டார் சுற்றுகிறது, வட்டு சுற்றவில்லை. இரண்டுக்கும் நடுவே இருக்க வேண்டிய ரப்பர் பெல்ட் உருகி, கோடை வெயிலில் தார் ரோட்டில் செருப்பு ஒட்டுமே, அந்தப் பதத்தில் கப்பியைச் சுற்றி அப்பிக்கிடந்தது. ஸ்பிரிட்டும் காது குடையும் பஞ்சுக் குச்சியும் வைத்துத் துடைக்கவே அரை மணி. பெரியம்மாவின் மேஜை விரிப்பில் கறுப்புக் கறை. அதைப் பற்றி இங்கே வேண்டாம்.

முதலில் பூக்காரம்மா பொட்டலத்தில் வந்த ரப்பர் பேண்ட். சுற்றியது! ஆனால் நிமிடத்துக்கு 300 சுற்று சீராகச் சுற்ற வேண்டிய வட்டு, ரப்பர் பேண்ட் மேடும் பள்ளமுமாக இருந்ததால் விக்கி விக்கிச் சுற்றியது. கொஞ்சம் படித்தது, நின்றுவிட்டது. அப்புறம் கப்பிகளை நூலால் சுற்றி அளந்து, இழுவைக்காக ஒரு துளி குறைத்து, மஞ்சக்குப்பத்தில் ஒரு ரேடியோ ரிப்பேர் கடைக்கு ஓடினேன். கடைக்காரர் ஹார்லிக்ஸ் பாட்டில் நிறைய டேப் ரெக்கார்டர் பெல்ட் வைத்திருந்தார். தட்டையாக ஒன்று, இருபது ரூபாய். “இன்னும் டேப்பு கேக்குறீங்களா சார்?” என்றார் மரியாதையாக.

திரும்பி வந்ததும் ஃப்ளாப்பியின் தகரக் கதவைத் தள்ளிப் பார்த்தேன். கடலூர்க் காற்று சும்மா விடுமா, வெள்ளைப் பூஞ்சை. அப்படியே போட்டிருந்தால் வட்டைப் படிக்கும் ஹெட்டும் போய், வட்டிலும் கீறல் விழுந்திருக்கும். (ரப்பர் பேண்டோடு அதைத்தான் போட்டேன் என்பதைப் பெரியப்பாவிடம் சொல்லவில்லை.) ஹெட்டையும் வட்டையும் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தேன். தப்பித் தவறி எதுவும் எழுதிவிடாதபடி மூலைக் கட்டையை ஓட்டை தெரிய நகர்த்திப் போட்டேன்.

கரக், கரக், கரக். மொய்.டிஎக்ஸ்டி.

பெரியப்பா மூக்குக் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு விரலால் ஒவ்வொரு வரியாக இறங்கினார். 51, 101, குத்துவிளக்கு, 101, “பேர் சொல்லல 21”. நெல்லிக்குப்பம் வந்தது.

“சுவர்க் கடிகாரம் 1.”

மூன்று பேரும் நிமிர்ந்தோம். பிள்ளையார் படம் போட்ட கடிகாரம், எனக்கு நினைவு தெரிந்த நாளாகக் காட்டும் நாலு பத்தைக் காட்டிக்கொண்டிருந்தது.

பெரியப்பா கொஞ்ச நேரம் அதையே பார்த்தார்.

“டேய், அந்த மஞ்சக்குப்பம் கடைக்காரன் கடிகாரமும் பாப்பானா?”