மாளவியா நகர், டெல்லி, டிசம்பர்

டிசம்பர் 2, 2024
35 வாரம். குழந்தை இன்னும் திரும்பவில்லை. தலை மேலே, கால் கீழே. இப்படியே இருந்தால் 27ஆம் தேதி ஆபரேஷன் என்று நாள் குறித்துவிட்டார்கள். மாடிப்படி ஏறக் கூடாது. போர்வைக்குள் ஆப்கன் எழுத்தாளர் காலித் ஹுசைனியின் 'எ தௌசண்ட் ஸ்ப்ளெண்டிட் சன்ஸ்' நாவல். "இந்த நேரத்துல இதைப் போய்ப் படிக்கணுமா?" என்றார் இவர்.

டிசம்பர் 3
நாவலில் மரியமுக்குப் பதினைந்து வயதில் கல்யாணம். ஹெராத்திலிருந்து காபூலுக்குக் கணவன் ரஷீத் கூட்டிக்கொண்டு போகிறான். ஒன்றன்பின் ஒன்றாகக் கரு கலைகிறது. சோறு சரியாக வேகவில்லை என்று ஒரு நாள் கூழாங்கற்களை அவள் வாயில் திணித்துக் கடித்து மெல்லும்படி சொல்கிறான். இரண்டு கடைவாய்ப் பற்கள் உடைகின்றன.

அங்கேயே மூடி வைத்துவிட்டேன். எங்கள் வீட்டில் விளிம்பு நசுங்கிய ஓர் எவர்சில்வர் தட்டு இருந்தது. நான் நாலாவது படிக்கும்போது நசுங்கியது. அன்று சோறு குழைந்துவிட்டது. மறுநாள் அதே தட்டில்தான் அம்மா அப்பாவுக்குப் பரிமாறினாள்.

டிசம்பர் 4
ஆப்கானிஸ்தானில் பெண்கள் இனிமேல் நர்சிங்கும் மருத்துவச்சிப் படிப்பும் படிக்கக் கூடாதாம். காலையிலிருந்து அதே செய்தியைத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். 2021 செப்டம்பரில் பெண்களுக்கு ஆறாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடம் இல்லை என்றார்கள் தாலிபான்கள். 2022 டிசம்பரில் பல்கலைக்கழகத்தை மூடினார்கள். 2023 ஜூலையில் அழகு நிலையங்களைக்கூட விடவில்லை. மிச்சம் இருந்தது இந்தப் படிப்புதான். சில மாகாணங்களில் ஆண் டாக்டர் பெண்ணைத் தொட்டுப் பார்க்கவும் கூடாது. சரி, அப்போது வலி எடுத்தவளை யார் பார்ப்பது? யாராவது ஒருத்தர் உட்கார்ந்து இதை யோசித்துத்தானே கையெழுத்துப் போட்டிருப்பார்? அவரைப் பெற்றபோதும் ஒரு பெண்தானே பக்கத்தில் இருந்திருப்பாள்?

டிசம்பர் 6
திருக்குறள் எக்ஸ்பிரஸில் அம்மா வந்துவிட்டாள். கருப்பட்டி, சுக்கு, பெருங்காயம். குளிரில் பல் கிட்டுகிறது அவளுக்கு.

டிசம்பர் 10
ஆஸ்பத்திரியில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். ஹவுஸ் ராணி பகுதியில் மருந்துக்கடைப் பலகைகளில் ஆப்கானியர்களின் தாரி மொழி எழுத்தைப் பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டது. இன்றுதான் அந்த எழுத்துக்காரர்களில் ஒருத்தியுடன் பேசினேன். ஆப்கன் நோயாளிகளுக்கு மொழிபெயர்ப்பவள், இருபத்திரண்டு வயது இருக்கும். டெல்லிக்கு வந்து பல வருஷம் ஆகிறதாம், நல்ல இந்தி. அவளுடைய அக்கா காபூலில் மருத்துவச்சிப் படிப்பில் இரண்டாம் வருஷம். படித்துக்கொண்டிருந்தாள் என்று சொல்ல வேண்டும். நோட்டுகளுக்கெல்லாம் புது அட்டை போட்டு வைத்திருக்கிறாளாம்.

எத்தனை மாதம் என்று கேட்டாள். சொன்னேன். என் கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்கும் நடுவில் கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். நாவலைப் பற்றிக் கேட்க நாக்கு நுனி வரை வந்தது, கேட்கவில்லை. அவள் அக்காவின் வாழ்க்கையை நான் போர்வைக்குள் படுத்துக்கொண்டு படிக்கிறேன் என்று எப்படிச் சொல்வது?

டிசம்பர் 11
திரும்பவில்லை.

டிசம்பர் 13, இரவு 2 மணி
நாவலில் லைலாவின் பிரசவம். அவள் குழந்தையும் திரும்பவில்லை. தாலிபானின் முதல் ஆட்சிக் காலம், பெண்களுக்கென்று ஒதுக்கிய ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து கிடையாது. அப்படியே வயிற்றைக் கிழிக்கிறார்கள். புர்காவோடுதான் ஆபரேஷன் செய்ய வேண்டும் என்பது உத்தரவு. டாக்டரம்மா அதைக் கழற்றிவிட்டு, வாசலில் காவலுக்கு ஒரு நர்ஸை நிறுத்துகிறாள். லைலா பக்கத்தில் இருப்பவள் மரியம். அவளுடைய சக்களத்தி.

தூக்கம் வரவில்லை. எனக்கு முதுகில் ஊசி போடுவார்கள், வலிக்காது, தெரியும். ஆனால் தியேட்டருக்குள் வீட்டு ஆட்கள் யாரையும் விட மாட்டார்களாம். என் பக்கத்தில் யார் இருப்பார்கள்? அம்மாவை எழுப்பினேன். "எதுக்குட்டி இதெல்லாம் படிக்க?" என்றவள் விடியும்வரை என் காலைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

டிசம்பர் 16
மார்கழி பிறந்துவிட்டது. ஐந்து மணிக்கே அம்மா அடுப்படியில் பாசுரம் பாடுகிறாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் தூங்குவார்களே என்று பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். பெண்ணின் குரல் பொது இடத்தில் கேட்கக் கூடாது என்று இந்த ஆகஸ்டில் ஆப்கானிஸ்தானில் சட்டமே போட்டிருக்கிறார்கள். "சத்தமாப் பாடும்மா" என்றேன். காரணம் கேட்காமல் பாடினாள்.

டிசம்பர் 19
நான் தூங்கும்போது அம்மா நாவலை எடுத்துப் படித்திருக்கிறாள். கண்ணாடிக் கூடு எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று பார்த்தேன். கூழாங்கல்.

அடுப்படியில் தட்டு நிறைய அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். பாக்கெட் அரிசியில் ஏது கல்? அரை மணி நேரம் பொறுக்கினாள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்து நானும் தேடினேன். அப்பா இறந்து ஒன்பது வருஷம் ஆகிறது.

டிசம்பர் 20
அம்மாவுக்கு இடப்பக்கம் மெல்ல வராது என்பது ராத்திரிதான் ஞாபகம் வந்தது. ஏன் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

டிசம்பர் 23
முடித்துவிட்டேன். லைலாவைக் காப்பாற்ற மரியம் ரஷீதைக் கொல்கிறாள். அப்புறம் லைலாவையும் குழந்தைகளையும் போகச் சொல்லிவிட்டுத் தான் மட்டும் பின்தங்கிவிடுகிறாள். காபூலின் காஜி ஸ்டேடியத்தில் எல்லோரும் பார்க்க அவளை மண்டியிட வைக்கிறார்கள். பிரசவத்தில் துணை நின்றவள் சாகப் போகும்போது துணைக்கு யாரும் இல்லை. எனக்கு ஆறவே இல்லை. இவரிடம் சொல்லி அழுதேன். இந்த முறை எதுவும் சொல்லாமல் கேட்டுக்கொண்டார்.

டிசம்பர் 26
மயக்க டாக்டரிடம், யாராவது ஒரு நர்ஸ் என் கையைப் பிடித்துக்கொள்ள முடியுமா என்று கேட்டேன். ஆபரேஷனில் ஆளுக்கொரு வேலை இருக்கும், பார்க்கலாம் என்றார்.

அம்மா சோறு வடித்திருக்கிறாள். இன்றைக்குக் கொஞ்சம் குழைந்துவிட்டது. இரண்டு பேரும் சாப்பிட்டோம்.

டிசம்பர் 27, காலை 4.40
பை கட்டியாகிவிட்டது. வெளியே ஒரே பனிமூட்டம், கார் கிளம்ப நேரமாகிறது. மொழிபெயர்க்கும் அந்தப் பெண் இன்று காலையில் வருவாளா, தெரியவில்லை.