வாடை இங்கே கரைக்காற்று

கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோவில் ஒரு வீட்டின் பின்வளவில், கிழிந்த தறப்பாளுக்குக் கீழே அது கிடந்தது. அல்பகோர் வகைப் பாய்ப்படகு. 15 அடி நீளம், பைபர்கிளாஸ் உடல், இரண்டு பேர் ஓட்டுவது, எஞ்சின் கிடையாது. பல வருடமாகத் தண்ணீர் காணவில்லை என்று விற்றவர் ஒளிக்காமல் சொன்னார். புரட்டாதி மாதத்து ஒரு சனிக்கிழமை பின்னேரம் ட்ரெயிலரோடு சேர்த்து வாங்கி வீட்டுக்கு இழுத்து வந்தேன்.

அப்பா வாசலில் நின்றார். யாழ்ப்பாணத்தில், எங்கள் ஊரான வல்வெட்டித்துறையில் பாய் வள்ளத்தில் தொழில் செய்தவர், இப்போது வயது எண்பதைத் தாண்டிவிட்டது. படகை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். அணியத்திலிருந்து பின்பக்கம் வரை அடிப்பக்கத்தைக் கையால் தடவினார். "மர வள்ளமெண்டால் பலகை இடுக்கு அடைச்ச கலப்பத்தைப் பாத்துச் சொல்லிப்போடுவன் தம்பி. இது எனக்குத் தெரியாத சாமான். தெரிஞ்ச ஆக்களைக் கேள். கேளாமல் தண்ணியிலை இறக்காதை" என்றார்.

எங்கள் ஊரில் படகு பற்றிப் பேசினால் அன்னபூரணி அம்மாளில் போய்த்தான் முடியும். எங்கள் துறையில் கட்டிய அந்தப் பாய்க்கப்பல், ஊர் மாலுமிகளோடு அத்திலாந்திக்கைக் கடந்து, 1938இல் அமெரிக்காவின் மாசச்சூசெற்ஸ் மாநிலத்திலுள்ள குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்தது. அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்த நான் இருபது வருடங்களுக்கு மேல் ஒன்ராறியோ ஏரியைக் காருக்குள் இருந்தபடியேதான் பார்த்திருக்கிறேன். அது எனக்கு உள்ளூர ஒரு வலியாகவே இருந்தது.

பிரிம்லி வீதி சரிந்து இறங்கி முடியும் இடத்தில் புளஃபர்ஸ் பூங்கா இருக்கிறது. தலைக்கு மேலே ஸ்காபரோ மண்முகடுகள், சில இடங்களில் 90 மீற்றர் உயரம். அங்கே படகு வைத்திருப்பவர்களிடம்தான் போய்க் கேட்டேன். இளைப்பாறிய பள்ளிக்கூட ஆசிரியர் ஒருவர், நாற்பது வருடமாக அந்த ஏரியில் பாய் விரிப்பவர், நான் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்றுதான் சொன்னார். ஒரு நாணயத்தை எடுத்துப் படகு முழுக்கத் தட்டிப் பார், காதால் கேள்.

அன்றிரவே கராஜில் லைற்றைப் போட்டுக்கொண்டு தட்டினேன். பக்கங்களில் 'டக், டக்' என்று இறுக்கமான சத்தம். அடிப்பக்கத்திலும் அப்படியே. பின்பலகையில், சுக்கானைக் கொளுவும் இரும்பைச் சுற்றி ஒரு உள்ளங்கை அளவு இடத்தில் மட்டும் சத்தம் செத்துப்போனது. ஈரமான அட்டைப்பெட்டியைத் தட்டுவதுபோல 'தொப்' என்றது. நாலைந்து தடவை தட்டினேன். அப்பாவைக் கூப்பிட்டுக் கேட்க வைத்தேன். "உள்ளுக்கை உழுத்துப்போச்சு" என்றார். பைபர்கிளாஸ் தெரியாது என்றவர் அந்தச் சத்தத்தைத் தெரிந்து வைத்திருந்தார்.

பைபர்கிளாஸ் படகு முழுக்கப் பைபர்கிளாஸ் அல்ல. பாரம் தாங்கவேண்டிய இடங்களில் இரண்டு தோலுக்கு நடுவே பலகை இருக்கும். சுக்கானைப் பிடிக்கும் போல்ற்றுகளின் துளை வழியாக வருடக்கணக்கில் தண்ணீர் கசிந்து அந்தப் பலகையை ஊறவைத்துவிட்டது. வெளியே பார்த்தால் பளபளப்பான வெள்ளை. அலைக்குள் நிற்கும்போது அந்த இரும்பு பலகையோடு பிய்ந்து வந்தால் சுக்கான் போய்விடும். பழைய படகு வாங்கும் எவரும் பாயைப் பார்க்க முன்னர் பின்பலகையைத் தட்டிப் பார்க்கவேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். பாய் கிழிந்தால் தைக்கலாம்.

உள்பக்கத் தோலைச் சதுரமாக வெட்டி எடுத்தேன். உள்ளே இருந்தது கறுத்த சேறுபோன்ற மரம், கரண்டியால் வழித்தே எடுக்க முடிந்தது. நல்ல மரம் தெரியும்வரை சுரண்டி, குளிர்காலம் முழுக்கக் காற்றாடி வைத்துக் காயவிட்டேன். தை மாதம் பொறுமை இழந்து எபொக்சி என்ற பசையைக் கலந்து ஒரு துண்டுப் பலகையில் பூசிப் பார்த்தேன். மூன்று நாளாகியும் விரலில் ஒட்டியது. குளிரில் எபொக்சி இறுகாது. நல்லவேளை, படகில் பூசவில்லை. சித்திரையில், ஹீற்றர் போட்டுக் கராஜை இளஞ்சூட்டில் வைத்துக்கொண்டு, மரைன் பிளைவுட் துண்டை எபொக்சியில் பதித்து, மேலே கண்ணாடி இழைத்துணியை மூன்று அடுக்காக ஒட்டினேன்.

இதில் அந்த ஆசிரியர் சொல்லித்தந்த ஒரு வேலையைக் கட்டாயம் எழுதவேண்டும். போல்ற்றுக்குத் துளையிடும்போது தேவையைவிடப் பெரிதாகத் துளையிட வேண்டும். அந்தத் துளையை எபொக்சியால் நிரப்பி இறுகவிட வேண்டும். பிறகு அதன் நடுவே போல்ற்றின் அளவுக்குச் சின்னத் துளை போட வேண்டும். இப்படிச் செய்தால் பின்னாளில் போல்ற்றோரம் தண்ணீர் கசிந்தாலும் அது எபொக்சியைத்தான் தொடும், மரத்தைத் தொடாது. படகைக் கட்டியவர்கள் இந்தச் சின்ன வேலையைச் செய்திருந்தால் எனக்கு ஆறு மாத வேலை குறைந்திருக்கும்.

மற்றவை கெதியாக முடிந்தன. பாய்மரத்தைத் தாங்கும் கம்பிக் கயிறுகளைப் பழைய பருத்தித் துணியால் பிடித்து மேலிருந்து கீழாக உருவினேன். இடப்பக்கக் கம்பியின் அடி முனையில் துணி சிக்கியது. அங்கே ஒரு இழை அறுந்திருந்தது. ஒரு இழைதானே என்று விடக்கூடாது என்று புளஃபர்ஸ் படகுக்காரர்கள் சொன்னார்கள், எல்லாக் கம்பிகளையும் மாற்றினேன். முன்னும் பின்னும் இருக்கிற காற்றறைகளின் மூடிகளைச் சவர்க்காரத் தண்ணீர் பூசிச் சோதித்ததில் குமிழி வந்த இரண்டு மூடிகளுக்குப் புது றப்பர் போட்டேன். படகு கவிழ்ந்தால் மிதக்கவைப்பவை அந்த அறைகள்தான். பாய்மர உச்சியில் ஒரு சின்ன மிதவையைக் கட்டச் சொன்னார்கள். கவிழும் படகு ஒரேயடியாகத் தலைகீழாகப் போகாமல் பக்கவாட்டில் கிடக்க அது உதவும். பாய்மரத்தை நிமிர்த்த முன்னரும், நிமிர்த்திய படகை ட்ரெயிலரில் இழுக்க முன்னரும் தலைக்கு மேலே மின்கம்பி இருக்கிறதா என்று பார்க்கும் பழக்கத்தையும் அங்கேதான் கற்றேன். அலுமினியப் பாய்மரம் மின்கம்பியில் பட்டால் உயிர் போகும்.

கனடாவில் எஞ்சின் இல்லாத பாய்ப்படகுக்கு ஓட்டுநர் அட்டை தேவையில்லை. 6 மீற்றருக்கு உட்பட்ட படகில் ஆளுக்கொரு உயிர்காப்பு அங்கி, 15 மீற்றர் மிதக்கும் கயிறு, துடுப்பு அல்லது நங்கூரம், தண்ணீர் இறைக்க ஒரு வாளி, விசில் போன்றவை இருக்கவேண்டும். வளர்ந்தவர்களுக்கு அங்கி படகில் இருந்தால் சட்டத்துக்குப் போதும். அங்கிருந்த அனுபவசாலிகள் ஒருவரும் அதை ஏற்கவில்லை. கரையிலேயே போட்டு இறுக்கிக் கட்டிக்கொண்டுதான் இறங்குவார்கள். எனக்கும் அதையே கட்டளையாகச் சொன்னார்கள்.

ஆனி மாதம் படகு தண்ணீர் தொட்டது. முதல் நாள் துறைக்குள்ளேயே வேண்டுமென்று கவிழ்த்து நிமிர்த்தச் சொன்னார்கள், ஐந்து தடவை. பாய்க்கயிற்றைத் தளர்த்து, படகை விட்டு விலகாதே, அடியில் நீட்டியிருக்கும் நடுப்பலகையைப் பிடித்து ஏறி நில், உடம்பைப் பின்னால் சாய். ஐந்தாவது தடவையில் யோசிக்காமலே கைகால் செய்தன. பாய்க்கயிற்றை அப்பா 'தாமான்' என்பார். அந்த வருடம் முழுக்க அவருடைய சொல்லும் புளஃபர்ஸ் படகுக்காரர்களின் சொல்லும் என் தலைக்குள் ஒன்றாகவே ஓடின. முதல் வருடம் 12 நொட்டுக்கு மேல், அதாவது மணிக்கு 22 கிலோமீற்றருக்கு மேல் காற்றென்றால் போகாதே என்ற சொல்லை மீறவில்லை. ஆவணியில் இரண்டு நாள் மேற்குக் காற்று அடித்த பிறகு, முதல்நாள் குளிக்கக்கூடியதாக இருந்த தண்ணீர் மறுநாள் கையை வைக்க முடியாமல் குளிர்ந்திருந்தது. மேலேயுள்ள சூட்டுத் தண்ணீரைக் காற்று நடு ஏரிக்குத் தள்ள, ஆழத்துக் குளிர்நீர் கரையில் மேலெழும்புகிறது என்று விளக்கினார்கள். இந்த ஏரியின் ஆழம் 244 மீற்றர் வரை போகிறது.

இரண்டாம் வருடம் வைகாசியில்தான் பிழை விட்டேன்.

நல்ல வெயில், வெளியில் வெப்பம் 22 பாகை. கரையில் நின்று பார்த்தால் ஏரி கண்ணாடிபோலக் கிடந்தது. காற்று வடமேற்கு. மருமகனையும் கூட்டிக்கொண்டு பாயை ஏற்றினேன். கரையை விட்டு வெளியே போன பிறகுதான் விளங்கியது. 90 மீற்றர் முகடு காற்றை மறைக்கிறது. அதன் நிழல் தாண்டிய இடத்தில், தண்ணீரில் கறுப்பாக ஒரு கோடு ஓடி வருவது தெரிந்தது. அந்தக் கோடு எங்களைத் தொட்டதும் படகு ஒரு பக்கம் தூக்கியது. தாமானை விடக் கை எடுத்தேன், அதற்குள் கவிழ்ந்துவிட்டது.

தண்ணீர் 6 பாகை. நெஞ்சை யாரோ கயிற்றால் இறுக்கியதுபோல மூச்சு உள்ளே இழுத்து இழுத்து வந்தது. மனிடோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ட் சொல்லும் 1-10-1 என்ற கணக்கை அந்தக் குளிர்காலம் படகுக்காரர் ஒருவர் சொல்லித் தந்திருந்தார். மூச்சைக் கட்டுப்படுத்த 1 நிமிடம், கைகால் பயன்பட 10 நிமிடம், நினைவு தப்ப 1 மணித்தியாலம். "மூச்சைப் பார், வேறொன்றும் செய்யாதை" என்று மருமகனுக்குக் கத்தினேன். அங்கி எங்களைத் தூக்கி வைத்திருந்தது. உச்சி மிதவையால் படகு பக்கவாட்டிலேயே கிடந்தது. முதல் தரத்திலேயே நிமிர்த்தினோம்.

ஆனால் படகுக்குள் ஏறிய பிறகு முன்பாயின் கயிற்றை அதன் பிடியிலிருந்து எடுக்க முடியவில்லை. கயிறு கண்முன்னே இருக்கிறது, பெருவிரல் மடியவில்லை. பத்து நிமிடம் என்றால் என்ன என்பது அந்தப் பெருவிரலைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. கடைசியில் பல்லால் கடித்து இழுத்தேன். காற்றோ எங்களைக் கரையிலிருந்து நடு ஏரிக்குத் தள்ளிக்கொண்டிருந்தது. எதிர்காற்றில் திரும்பிவரக் கையில் பலம் இல்லை. அன்று ஒன்றைச் சரியாகச் செய்திருந்தேன்: எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று அந்த ஆசிரியரிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தேன். அவர் துறையில் நின்று பாயைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். பாய் மறைந்ததும் தன் படகின் எஞ்சினை இயக்கிவிட்டார். எங்களைத் தன் படகில் ஏற்றி, போர்வையால் சுற்றிவிட்டு, எங்கள் படகைக் கயிற்றில் கட்டி இழுத்து வந்தார். வரும் வழி முழுக்க ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை.

வீட்டில் அப்பாவிடம் ஒளிக்கவில்லை. எந்தக் காற்று என்று கேட்டார். சொன்னேன்.

"கரைக்காற்று" என்றார். கரையிலிருந்து தண்ணீரை நோக்கி வீசும் காற்று அது. "ஊரிலை கடல் எங்களுக்கு வடக்காலை. சோளகம், தெற்குக் காத்து, அடிச்சால் கரையிலை கடல் எண்ணெய் ஊத்தின மாதிரிக் கிடக்கும். அதைப் பாத்து வெளியிலை போற புதுப்பெடியள்தான் திரும்பி வர மாட்டாமல் கஷ்டப்படுறது. கரை உனக்கு நல்ல முகத்தைத்தான் காட்டும். இஞ்சை ஏரி தெற்காலை. அப்ப வாடை, வடக்குக் காத்து, உனக்குக் கரைக்காற்று. நீ ஊர்க் கணக்கிலை வாடையெண்டால் அலையை எதிர்பாத்திருப்பாய். அலையைக் காணேல்லை எண்டு போயிட்டாய்."

உண்மையில் அப்படித்தான் யோசித்திருந்தேன். வடக்குக் காற்றென்றால் அலை வரும், அலை இல்லை, ஆகவே காற்றும் இல்லை. சிறுவயதில் மனதில் பதிந்த கணக்கு அது, இங்கே திசை மாறிக் கிடந்தது. அன்று நானும் அப்பாவும் ஒரு தாளில் ஏரியின் வடகரையைக் கீறி ஒவ்வொரு காற்றாக எழுதினோம். வாடை: கரை ஏமாற்றும், போகாதே. கொண்டல் (கிழக்குக் காற்று): 300 கிலோமீற்றர் நீள ஏரியின் மறுமுனையிலிருந்து உருண்டு வரும், அலை பெரிது, ஆனால் கரையிலேயே கண்ணுக்குத் தெரியும். சோளகம்: கோடையின் வழக்கமான காற்று, பாய்க்கு நல்லது, பின்னேரம் கூடும். அந்தத் தாளை ஆசிரியருக்கு மொழிபெயர்த்துக் காட்டினேன். நீண்ட நேரம் பார்த்தார். தன் கையெழுத்தில் ஒரு வரி சேர்த்தார்: முகடு உள்ள கரையில் காற்றைக் கரையில் அளக்காதே, தூரத்துத் தண்ணீரின் நிறத்தில் அள.

இப்போது அது பிளாஸ்ரிக் உறையிட்டு என் கராஜ் கதவில் தொங்குகிறது. காற்று முன்னறிவிப்பை முதல்நாள் இரவும் காலையும் கேட்கிறேன். இடுப்பில் தண்ணீர் புகாத, படகுகளுக்கான வி.எச்.எஃப். ரேடியோ இருக்கிறது, அதற்கான சான்றிதழும் எடுத்துவிட்டேன், ஆபத்தென்றால் 16ஆம் அலைவரிசை. குளிர்நீர் உடை இல்லாமல் ஆனி நடுப்பகுதிக்கு முன் படகை இறக்குவதில்லை. மருமகன் இன்னும் என்னோடு வருகிறான், முன்பாய் அவனுடையது.

இந்த வருடம் நடுப்பலகையின் அச்சாணியை மாற்றவேண்டும், ஓரம் தேய்ந்திருக்கிறது. பின்பலகையை நேற்றும் நாணயத்தால் தட்டிப் பார்த்தேன். அப்பா கதிரையில் இருந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். "இன்னும் ஒருக்கால் தட்டு" என்றார். தட்டினேன். "சரி" என்றார்.