உதறினால் சரியாகிவிடும் கை

திருப்பூர் பனியன் கம்பெனிகளின் செக்கிங் பிரிவில் நாள் முழுவதும் நின்றபடி பிசிர் வெட்டும் பெண்கள், பிசியோதெரபிஸ்டான என்னிடம் பெரும்பாலும் காலம் கடந்த பிறகே வருகிறார்கள். சென்ற மாதம் வந்த அக்கா ஒருவர், ரவிக்கைக் கொக்கியை மாட்ட முடியவில்லை என்று மட்டுமே சொன்னார். வலி இருக்கிறதா என்றேன், இல்லை என்றார். இரவில் கை மரத்துப்போய் விழிப்பு வருகிறதா என்று கேட்ட பிறகுதான், "அது ரெண்டு வருசமா இருக்குதுங்க, உதறுனா செரியாப் போயிருமுங்க" என்றார். அதற்குள் கட்டைவிரலின் அடியிலிருக்கும் சதைமேடு வற்றித் தட்டையாகியிருந்தது.

மணிக்கட்டின் உட்புறத்திலுள்ள குறுகிய வழியில் ஒன்பது தசைநாண்களும் ஒரு நரம்பும் நெருக்கியடித்துச் செல்கின்றன. பிசிர் வெட்டும் டிரிம்மரை ஓயாமல் அழுத்துவதால் நாண்களைச் சுற்றிய உறைகள் தடித்துவிட்டால், நசுங்குவது அந்த நரம்புதான். கட்டைவிரல் தொடங்கி மோதிர விரலின் பாதி வரை மரக்கிறது. சுண்டுவிரலுக்குச் செல்வது வேறு நரம்பு என்பதால் அது மட்டும் தப்பிவிடுகிறது. எனவே "எந்த விரல்?" என்று கேட்பதே பாதிப் பரிசோதனை. புறங்கைகள் இரண்டையும் ஒட்டவைத்து, விரல்கள் கீழ்நோக்கியிருக்க 60 விநாடி மணிக்கட்டை மடக்கச் சொன்னால், பலருக்கு அதே மரப்பு திரும்புகிறது. சர்க்கரை நோய், தைராய்டு, கர்ப்பம் ஆகியவற்றாலும் இது வரலாம் என்பதால் அவற்றையும் விசாரிக்க வேண்டும்.

நோயாளியிடம் என்ன தொழில் செய்கிறார் என்று மருத்துவர் கட்டாயம் கேட்க வேண்டும் என்று இத்தாலிய மருத்துவர் ராமசினி 1700இல் எழுதினார். இங்கோ அந்தக் கேள்வியைக் கேட்காமலேயே சத்து மாத்திரை எழுதி அனுப்பிவிடுகிறார்கள். கம்பெனியில் "கை வலிக்குதா?" என்று பொதுவாகக் கேட்டால், பீஸ் கணக்கில் கூலி வாங்கும் எவரும் ஆம் என்று சொல்லமாட்டார்கள், மேலும், தொடக்கத்தில் அது வலியாகவே இருப்பதில்லை. தூக்கத்தைப் பற்றியும், கொக்கி, பட்டன், சில்லறைக் காசு பற்றியும் கேட்டால் மறைக்காமல் சொல்லிவிடுவார்கள்.

அந்த அக்காவை அறுவை சிகிச்சை மருத்துவரிடம் அனுப்ப வேண்டியதாயிற்று. துணைக்கு வந்திருந்த மகளும் அதே பிரிவில்தான் வேலை செய்கிறாள். அவளிடமும் இரவைப் பற்றிக் கேட்டேன். மூன்று வாரமாக மரக்கிறது என்றாள். அவளுக்கு, இரவில் மணிக்கட்டை நேராகப் பிடித்து வைக்கும் பட்டை ஒன்றைக் கொடுத்து, சில வாரங்களுக்குப் பிசிர் வெட்டாமல் மடிக்கும் வேலைக்கு மாற்றித்தருமாறு சூப்பர்வைசருக்குக் கடிதமும் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.