விசைப்படகு எஞ்சினுக்கு மாற்று கேம்ஷாஃப்ட்: காரைக்குடி பட்டறைக் குறிப்புகள்

மே 7

ஜெகதாப்பட்டினம் விசைப்படகின் ஆறு சிலிண்டர் டீசல் எஞ்சின் பட்டறைக்கு வந்திருக்கிறது. மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14 வரை. கடலுக்குப் போகிற நாளில் எவர் எஞ்சினை இறக்குவார்? குறை: மடி (இழுவலை) இழுக்கும்போது கரும்புகை, இழுவை இல்லை, டேப்பட் கேப் (வால்வு இயக்கத்தில் விடும் சிறு இடைவெளி) வைத்தாலும் நிற்பதில்லை.

வால்வை அமுக்கும் ராக்கரைக் கழற்றி, அதைத் தள்ளும் கம்பியான புஷ்ராடின் தலையில் டயல் கேஜ் (நுண்ணளவு காட்டும் கருவி) வைத்து, கிராங்கைக் கையால் சுற்றிப் பார்த்தோம். கேம்ஷாஃப்டில் புகை வால்வுகளைத் திறக்கும் மேடுகள்தான் எக்சாஸ்ட் லோப்கள்; மற்றவை 7.6 மி.மீ. தூக்குகின்றன. மூன்றாவது 6.3தான்.

மே 8

கேம்ஷாஃப்ட் (சுருக்கமாக கேம்) வெளியே வந்துவிட்டது. அதைவிட, லோப்மேல் உட்கார்ந்து புஷ்ராடைத் தூக்கும் டேப்பட்டின் அடிப்பக்கம்தான் விஷயத்தைச் சொல்கிறது. நல்ல டேப்பட்டில் வட்ட வட்டமாகத் தடம் இருக்கும். மூன்றாவதில் ஒரே நேர்க்கோடு, நடுவில் குழி. டேப்பட்டின் முகம் லேசாகக் குவிந்தும், லோப் லேசாகச் சாய்ந்தும் இருப்பது டேப்பட் தன்னைத்தானே சுற்றிக்கொள்ளத்தான். துளையில் பிசின் பிடித்துச் சுற்றாமல் நின்றால், ஒரே கோட்டில் உரசி, கடினப்படுத்திய மேல்பரப்பான கடினத்தோல் போய்விடும். பிறகு தேய்மானம் கிடுகிடுவென்று ஏறும்.

மே 12

படகுக்காரருக்கு ஆசை லாரி கேம் மேல். விலை குறைவு, நீளமும் ஒன்று. நமக்குச் சம்மதமில்லை. டர்போ எஞ்சின் கேமும் டர்போ இல்லாததும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும். வால்வு திறந்து மூடும் நேரம் வேறு. காற்று உள்ளே வரும் இன்லெட் வால்வு தாமதமாக மூடினால் குறைந்த வேகத்தில் கம்ப்ரஷன் நழுவும். லாரி கியர் மாற்றித் தப்பிக்கும். மடி இழுக்கும் படகு மணிக்கணக்கில் ஒரே ஆர்.பி.எம்.மில் முழுச்சுமையில் நிற்கும். இரண்டு வால்வும் சேர்ந்து திறந்திருக்கும் நேரம் அதிகமானால் இன்னொரு வம்பு: புகைக்குழாயில் கடல்தண்ணீர் கலந்து விடும் படகுகளில் ஈரம் பின்வாங்கி வால்வு வரை வரலாம்.

பழைய கேமையே மறுபடி சாணை பிடிக்கும் ரீகிரைண்டும் வேண்டாம். 7.6 திரும்ப வர லோப்பின் அடிவட்டத்தை 1.3 மி.மீ. இறக்கணும். கடினத்தோல் மிஞ்சாது, புஷ்ராடின் நீளமும் போதாமல் போகும்.

எஞ்சின் சீரியல் நம்பரைக் கொடுத்து, அதே பார்ட் நம்பரில் புதுசு. கூடவே டேப்பட் 12.

மே 19

பார்சல் வந்தது. ஜர்னல் (பேரிங்கில் சுற்றும் பகுதி) அளவு, கியர் டோவல் (கியரை இடத்தில் நிறுத்தும் முளை) இடம், ஃபீட் பம்ப் எக்சென்ட்ரிக் (டீசல் பம்பை இயக்கும் வட்டு), மூன்றும் பழையதோடு சரி. புது அரத்தை லோப் ஓரத்தில் வைத்தால் வழுக்குகிறது. கடித்திருந்தால் திருப்பி அனுப்பியிருப்போம். இரு முனைகளில் வி-பிளாக் வைத்துச் சுற்றிப் பார்த்ததில் வளைவு இல்லை. மாட்டும்வரை செங்குத்தாகத் தொங்கட்டும்.

மே 22

டேப்பட் துளைகளைச் சுத்தம் செய்து, ஒவ்வொன்றும் தன் எடையில் இறங்குகிறதா என்று பார்த்தாச்சு. பழைய டேப்பட்டைப் புதுக் கேமில் போடுவது காசைக் கடலில் கொட்டுவது. லோப்களில் மாலி பேஸ்ட் (உராய்வைக் குறைக்கும் பசை), ஜர்னல்களில் வெறும் ஆயில். கியரைச் சுத்தியலால் தட்டாமல், சூடான எண்ணெயில் போட்டு விரிய வைத்து ஏற்றினோம். டைமிங் குறிகள் நேர். முன்பின் ஆட்டம் மேனுவல் அளவுக்குள்.

மே 23

ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே ஆயில் பிரஷர் ஏற்றியாச்சு. கூலிங்குக்கு டிரம் தண்ணீர். கடல்தண்ணீர் இழுக்கும் ரா வாட்டர் பம்ப் வறண்டு ஓடினால் அதற்குள் சுற்றும் இம்பெல்லர் போய்விடும். ஐடிலில் (சுமையில்லா மெதுஓட்டத்தில்) விடவில்லை: 1,200 முதல் 1,500 ஆர்.பி.எம். வரை ஏற்றி இறக்கி 20 நிமிடம். ஐடிலில் லோப்புக்குத் தெறிக்கும் எண்ணெய் போதாது.

ஆறவிட்டு ஆயிலை இறக்கி, ஃபில்டரை வெட்டி விரித்தோம். மினுக்கும் துகள் இல்லை. சிஐ-4 தரம், 15டபிள்யூ-40 கிரேடு புது ஆயில் ஊற்றியாச்சு. படகில் ஏற்றிய பிறகு 50 மணி நேரத்தில் கேப் மறுபடி பார்க்கணும்.