வாயு ஹைட்ரேட்டில் பி.எச்டி. செய்ய வருகிறீர்களா?

மன்னார்குடிப் பக்கம் மீத்தேன் என்று வாயெடுத்தாலே ஒரு மாதிரி பார்ப்பார்கள். நிலக்கரிப் படுகை மீத்தேன் திட்டத்தை எதிர்த்து நின்ற ஊர். 2020-இல் டெல்டா பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமான பிறகும் அந்தச் சந்தேகம் தீரவில்லை. “நீயும் ஆழ்துளை போடத்தான் படிக்கிறியா?” என்று பெரியப்பா கேட்டார். வாயு ஹைட்ரேட் ஆய்வில் எங்கள் வேலை பூமியிலிருந்து எடுப்பதல்ல, கையில் இருக்கும் வாயுவைச் சேமிப்பது. அது சாண எரிவாயுவாக இருந்தாலும் சரி.

குளிரும் அழுத்தமும் சேர்ந்தால் நீர் மூலக்கூறுகள் கூண்டு கட்டி மீத்தேனை உள்ளே அடைத்துக்கொள்ளும். இதுதான் ஹைட்ரேட், பார்க்கப் பனிக்கட்டி மாதிரிதான் இருக்கும். ஒரு கன மீட்டர் ஹைட்ரேட்டில் ஏறத்தாழ 160 கன மீட்டர் வாயு அடங்கும். எல்.என்.ஜி. எனும் திரவ இயற்கை வாயுவில் 600 மடங்கு சுருக்கலாம், ஆனால் அதற்கு மைனஸ் 162 டிகிரி வேண்டும். ஹைட்ரேட்டை மைனஸ் 20 டிகிரி வாக்கில் வைத்தாலே மெதுவாகத்தான் சிதையும். அப்புறம் ஏன் இன்னும் சந்தைக்கு வரவில்லை? நேர்முகத்தில் இதைத்தான் கேட்பார்கள். உருவாக நேரமாகிறது, உருவாகும்போது வெளிவரும் வெப்பத்தை வெளியேற்றுவதும் பெரும்பாடு. டி.எச்.எஃப். (டெட்ராஹைட்ரோஃபியூரான் என்ற கரைப்பான்) சேர்த்தால் குறைந்த அழுத்தத்திலேயே உருவாகும், ஆனால் பெரிய கூண்டுகளை அதுவே பிடித்துக்கொள்வதால் மீத்தேனுக்கு இடம் குறையும். எஸ்.டி.எஸ். (சோப்பு போன்ற ஒரு வேதிப்பொருள்) வேகத்தைக் கூட்டும், வாயுவைத் திரும்ப எடுக்கும்போது நுரை தள்ளும். தலைப்பு தேடுகிறவர்கள் இந்த இழுபறிக்குள் தேடுங்கள்.

ஆய்வகத்தில் முதல் எதிரி கசிவு. மூடிய ரியாக்டரில் தண்ணீரோடு மீத்தேனை அழுத்தி வைத்து, எவ்வளவு வாயு ஹைட்ரேட்டுக்குள் போனது என்பதை அழுத்தம் குறைவதை வைத்துத்தான் கணக்கிடுகிறோம். மூடியை அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கில் மயிரிழை கசிவு இருந்தாலும் கிராஃபில் அது ஹைட்ரேட் மாதிரியே தெரியும். நைட்ரஜன் ஏற்றி, சோப்பு நீர் தடவிப் பார்த்து, இரவெல்லாம் விட்டுவையுங்கள். காலையில் அழுத்தம் அப்படியே நின்றால்தான் மீத்தேன். குளிர்விக்கும்போதும் அழுத்தம் தானாகவே இறங்கும், அதைப் பார்த்து ஏமாற வேண்டாம். ஹைட்ரேட் உருவானால் வெப்பம் வெளிவருமே, அதனால் அழுத்தம் சரியும் அதே நேரத்தில் வெப்பநிலை சட்டென ஒரு துள்ளு துள்ள வேண்டும்.

நோட்டில் தண்ணீரின் பூர்வீகத்தையும் எழுதுங்கள். ஒருமுறை ஹைட்ரேட்டாகிச் சிதைந்த தண்ணீர், அதிகம் சூடேறாமல் இருந்தால், அடுத்த முறை சீக்கிரம் ஹைட்ரேட்டாகும். புதுத் தண்ணீரில் அதே நிலைமையிலும் நேரம் முன்னே பின்னே போகும். ஒரே ஓட்டத்தை வைத்து முடிவு எழுதினால் தேர்வாளர் விடமாட்டார்.

சேரும் முன் வழிகாட்டியின் கட்டுரைகளைப் படிப்பது சரிதான். அதைவிட முக்கியம், உயர் அழுத்த ரியாக்டர் எத்தனை, அதற்கு வரிசையில் எத்தனை பேர் என்று அங்கே படிக்கும் மாணவரிடம் கேட்டுக்கொள்வது.