பாயைச் சுருட்டிக்கொண்டு போன பெருமாள்

காஞ்சிபுரம் என்றால் எங்கள் வீட்டில் மூன்று கோயில், ஒரு ஜவுளிக்கடை. ஏகாம்பரநாதர், காமாட்சி, வரதர் சன்னிதியில் பல்லி, அப்புறம் புடவை. இந்த முறை அம்மா முதலிலேயே சொல்லிவிட்டார்: "பெரிய கோயிலெல்லாம் பார்த்தாச்சு. எனக்குத் திருவெஃகா போகணும்."

காலையில் வைகுண்டப் பெருமாள் கோயில். நின்ற, இருந்த, கிடந்த கோலங்களில் மூன்று அடுக்குகளில் பெருமாள். ஆனால் என்னை நிறுத்தியது பிராகாரச் சுவர். வாரிசில்லாமல் அரசன் இறந்துபோக, பெரியவர்கள் போய்ப் பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவனை அழைத்துவந்து அரியணையில் ஏற்றிய கதை அங்கே கல்லில் இருக்கிறது. அந்தப் பையன்தான் இரண்டாம் நந்திவர்மன். 8-ஆம் நூற்றாண்டில் இந்தக் கோயிலைக் கட்டியவனும் அவனே. பல்லவர்கள் தங்கள் குடும்ப ஆல்பத்தைக் கோயில் சுவரிலேயே ஒட்டிவிட்டார்கள்!

பிறகு வேகவதி ஆற்றைத் தாண்டித் திருப்பருத்திக்குன்றம். சமணக் காஞ்சி என்பது இதுதான். திரைலோக்கியநாதர் கோயில் சங்கீத மண்டபம், விஜயநகர அமைச்சர் இருகப்பர் 14-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கட்டியது. விதானம் முழுக்கத் தீர்த்தங்கரர்களின் கதைகள், ஓவியங்களாக. கழுத்து வலிக்கும் வரை பார்த்தேன். அம்மா குரா மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். வெயில் ஏறிவிட்டது. நண்பகலில் பெரும்பாலான கோயில்களில் நடை சாத்திவிடுவார்கள், மாலை நான்கு மணிக்கு மேல்தான் திறப்பு. அதைக் கணக்கில் வைத்துக் கிளம்புங்கள்.

மாலையில் திருவெஃகா. பொய்கையாழ்வார் அவதரித்த தலம். வரதர் கோயிலுக்குப் போகும் கூட்டம் முழுக்க இந்தப் பக்கமாகத்தான் போகிறது, உள்ளே வந்திருந்தது எங்களோடு நாலு பேர். சொன்ன வண்ணம் செய்த பெருமாள் என்று பெயர். திருமழிசையாழ்வாரின் சீடர் கணிகண்ணனை அரசன் நாடுகடத்துகிறான். சீடன் இல்லாத ஊரில் எனக்கென்ன வேலை என்று ஆழ்வாரும் கிளம்புகிறார். போகும்போது பெருமாளிடம், நீயும் உன் பாம்புப் பாயைச் சுருட்டிக்கொண்டு வா என்கிறார். அவரும் எழுந்து போய்விடுகிறார். ஊர் இருண்டது. அரசன் மன்னிப்புக் கேட்ட பிறகு, ஆழ்வார் சொல்ல, பெருமாள் திரும்பிவந்து பாயை விரித்தார். போய்வந்ததற்கு அடையாளமாக, வழக்கத்துக்கு மாறாக, தலையும் திருவடியும் இடம் மாறிக் கிடக்கிறார்.

பட்டர் தீபத்தை மெதுவாக முகத்திலிருந்து பாதம் வரை கொண்டுபோய்க் காட்டினார். தெரிந்த கதைதான், ஆனாலும் அவர் சொல்லச் சொல்ல அம்மா முதல் தடவை கேட்கிற மாதிரி தலையாட்டினார். துளசியை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டவர், நகரவே இல்லை. அவசரப்படுத்த அங்கே யாரும் இல்லை.

வெளியே வந்ததும் ஆட்டோக்காரரிடம் கேட்டார்: "தம்பி, ஓரிக்கை எவ்வளவு தூரம்?"

"பக்கந்தாம்மா. அங்க என்ன இருக்கு இந்நேரத்துக்கு?"

ஓர் இரவு பெருமாளும் ஆழ்வாரும் சீடனும் தங்கிய ஊர், ஓரிரவிருக்கை, ஓரிக்கை ஆயிற்று என்பார்கள். போய்ச் சேர்ந்தபோது நன்றாக இருட்டிவிட்டது. அம்மா ஆட்டோவிலிருந்து இறங்கவில்லை. இருட்டைப் பார்த்துக் கைகூப்பிவிட்டு, "சரி, போகலாம்" என்றார்.

ஜவுளிக்கடை ஞாபகம் சென்னைக்கு வந்த பிறகுதான் வந்தது.