ஓபியாய்டு கெடுத்ததா, கசிவு கெடுத்ததா?

அனியூரிசம் (மூளை ரத்தக்குழாயில் பலூன்போல் புடைத்த இடம்) வெடித்து மூளை உறைக்கடியில் ரத்தம் கசிந்தவரின் தலைவலி லேசில் அடங்காது. கசிந்த ரத்தம் உறைகளை உறுத்திக்கொண்டே இருப்பதால், அனியூரிசத்தை அடைத்த பிறகும் வலி வாரக்கணக்கில் நீளலாம். 6 மணி நேரத்துக்கு ஒருமுறை 1 கிராம் பாராசிட்டமால் கொடுத்தும் கேட்காவிட்டால் ஓபியாய்டுக்குத்தான், அதாவது மார்ஃபின் வகை வலிமருந்துக்குத்தான், கை போகும்.

பழைய கேஸ் ஷீட்டுகளைப் புரட்டி, 'ஓபியாய்டு அதிகம் வாங்கியவர்கள் சரியாகத் தேறவில்லை' என்று காட்டுவது சுலபம். ரத்தம் நிறையக் கசிந்தவருக்கு வலியும் அதிகமாக இருந்து, அதனால் மருந்தும் அதிகம் போயிருந்தால்? வென்டிலேட்டரில் இருப்பவருக்கு ஓடும் ஃபென்டனில் என்ற ஓபியாய்டு பெரும்பாலும் தொண்டையில் இருக்கும் மூச்சுக் குழாயைத் தாங்கிக்கொள்ளத்தான். அதையும் தலைவலிக் கணக்கில் சேர்த்துவிட்டால் ஆய்வு அங்கேயே கோணிவிடும். மொத்த டோஸும் ஏமாற்றும். 20 நாள் படுத்திருந்தவருக்குத் தானாகவே கூடும், இரண்டாம் நாளே இறந்தவருக்குக் குறையும். நாளுக்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

எல்லா ஓபியாய்டையும் வாய்வழி மார்ஃபின் அளவுக்கு மாற்றித்தான் கூட்டுவார்கள். டிரமடால் என்ற ஓபியாய்டுக்கு அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி முன்பு வைத்திருந்த பெருக்கெண் 0.1, 2022 வழிகாட்டியில் 0.2. நாளுக்கு 300 மி.கி. வாங்கியவர் ஒரு அட்டவணையில் 30 மி.கி., இன்னொன்றில் 60. எந்த அட்டவணை என்று சொல்லாத கட்டுரையை எதோடு ஒப்பிடுவது? (வலிப்பைத் தூண்டக்கூடிய டிரமடாலை இந்த நோயாளிக்கு ஏன் எழுத வேண்டும் என்பது தனிக் கேள்வி.)

வார்டிலும் இதே குழப்பம்தான். ஏழாம் நாள் ஆள் சொக்கிக் கிடக்கிறார். மார்ஃபினா, 4 முதல் 14 நாளுக்குள் வருகிற ரத்தக்குழாய்ச் சுருக்கமா? இரண்டு கண்மணியும் குண்டூசி முனையாய்ச் சுருங்கி, மூச்சு நிமிடத்துக்கு 8 என்றால் மருந்தைச் சந்தேகிக்கலாம். மூளைத்தண்டின் நடுப்பகுதியான பான்ஸில் ரத்தம் கசிந்தாலும் கண்மணி அப்படித்தான் சுருங்கும் என்பதால் கண்ணை மட்டும் நம்பக் கூடாது. ஒரு பக்கக் கை தொய்ந்தால் உடனே ஸ்கேன்.

மூச்சு குறைந்தால் கரியமில வாயு ஏறி, மூளை ரத்தக்குழாய்கள் விரிந்து, மண்டைக்குள் அழுத்தம் கூடும். அதற்குப் பயந்து, ஓபியாய்டை முறிக்கும் நலாக்சோன் 0.4 மி.கி.யை ஒரே மூச்சில் தள்ளினால் வலியும் பிபியும் சேர்ந்து எகிறும்; அடைக்காத அனியூரிசத்துக்கு அது ஆபத்து. 0.04 மி.கி. வீதம், மூச்சு திரும்பும்வரை போதும். நலாக்சோன் மார்ஃபினுக்கு முன்பே வடிந்துவிடும், எனவே ஆள் கண் விழித்ததும் மானிட்டரைக் கழற்றிவிடக் கூடாது.